பஸ் நின்ற எட்டு நாளும் தப்பாகப் படித்த பாடமும்

அரசு பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்ததுமே டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே பேச்சுதான் ஓடும். "மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கிட்டு, பண்டிகை நேரமாப் பார்த்து ஜனங்க கழுத்தைப் பிடிக்கிறாங்க. ஹெவி லைசென்ஸ் வச்சுக்கிட்டு எத்தனையோ பசங்க வேலை இல்லாம நிக்கிறானுங்க, அவனுங்களை உட்காரவச்சு வண்டியை எடுக்க வேண்டியதுதானே? தனியார் பஸ் ஓடத்தானே செய்யுது? மொத்தத்தையும் தனியாருக்குக் கொடுத்துட்டா இந்த ரோதனையே கிடையாது." சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். அவசரமாக எங்கோ போகவேண்டியிருந்து, பஸ் ஸ்டாண்டில் நின்று நொந்துபோனவராகவும் இருப்பார். ஆனால் அவர் சொல்வது தவறு.

2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை தொடங்கி 11ஆம் தேதி வரை தமிழ்நாட்டில் அரசு பஸ்களில் பெரும்பகுதி நின்றது. இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது அப்போதுதான். 2024 ஜனவரியில் திரும்பக் கேட்டது. அடுத்த முறையும் கேட்கும். அதில் ஒரு வரி மட்டும் முழு உண்மை: பயணிகள் வதைபட்டார்கள். அந்த உண்மையைக் காட்டியே மற்ற எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுகிறார்கள்.

வதைபட்டது யார் என்று பார்ப்போம். காரில் போகிறவர் அல்ல. அவருக்குச் சாலையில் நெரிசல் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவே. பைக் இருப்பவர் பைக்கை எடுத்தார். அடிபட்டது பஸ்ஸைத் தவிர வேறு வழி இல்லாதவர்.

மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிற கடைசி நடை ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு ஊருக்குள் நுழைந்து அங்கேயே நின்றுவிடும். நைட் ஹால்ட் வண்டி. டிரைவரும் கண்டக்டரும் கொசுவத்தியைக் கொளுத்திவைத்துவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே சீட்டில் முடங்கிக்கொள்வார்கள். விடியுமுன் வண்டியைக் கிளப்பி ஒரு ஹாரன் கொடுத்தால், கத்தரிக்காய் மூட்டையும் கீரைக்கட்டும் பால் கேனும் வந்து ஏறும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையானாலும் தோவாளைப் பூச்சந்தையானாலும் கணக்கு ஒன்றுதான்: முதல் நடையில் போய் இறக்கினால்தான் விலை. வெயில் ஏறிப் போனால் பூ வாடும், வியாபாரியின் முகமும் மாறும். அதே வண்டி அடுத்த நடைக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அதற்கடுத்த நடையில் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்கள்.

இந்த வண்டியின் ஒரு நாள் கலெக்‌ஷனை டீசல் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலான நாளில் கையைக் கடிக்கும். கிளை மேலாளருக்கு அது தெரியும். தெரிந்தேதான் வண்டி ஓடுகிறது. அந்தத் தடத்துக்குப் பர்மிட் கேட்டுத் தனியார் யாரும் முட்டிமோதிக்கொண்டு வந்ததில்லை.

வேலைநிறுத்த நாளில் இந்த ஊர் என்ன ஆகும்? தனியார் வந்து காப்பாற்றுவார் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு ஒரு முறையாவது இந்த ஊர் விலக்கில் நின்று பார்க்கட்டும். தனியார் பஸ் அப்போதும் மெயின் ரோட்டில்தான் ஓடியது. வழக்கமான தடத்தில், வழக்கமான நேரத்தில், இரண்டு மடங்கு கூட்டத்தோடு. ஊருக்குள் திரும்பவில்லை. திரும்பச் சட்டப்படி முடியவும் முடியாது. பர்மிட்டில் எழுதியிருக்கிற தடத்தில்தான் அவர் ஓட்டலாம். அரசு பஸ் விட்டுப்போன இடத்தை நிரப்ப அவரிடம் வண்டியும் இல்லை, அனுமதியும் இல்லை, நிரப்பினால் அவருக்கு ஆதாயமும் இல்லை.

கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி போன்ற ஊர்களில் டவுன் பஸ்ஸிலேயே தனியார் வண்டிகள் உண்டு. அங்கே ஓரளவு சமாளித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையாளர்களின் வியாபாரம் எதன்மேல் நிற்கிறது? இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவர்களை அரசு பஸ் ஏற்றிக்கொள்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களை டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொள்கிறது. முன்னும் பின்னும் கூட்டமில்லாத நடைகளை, மத்தியானம் இரண்டு மணிக்குக் காலியாகப் போகிற நடைகளை, அரசு பஸ் ஓட்டுகிறது. காசு கொடுத்து ஏறுகிறவர் மிஞ்சுகிற தடத்தில், மிஞ்சுகிற நேரத்தில் தனியார் ஓட்டுகிறார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் அரசு பஸ் இருப்பதால்தான் அவருக்கு அந்த லாபம் நிற்கிறது. அது இல்லாத நாளில் அவர் பஸ்ஸில் ஏறுகிற பாஸ் மாணவன் படியிலிருந்து இறக்கிவிடப்படுவான். கைக்குழந்தையும் சும்மாடும் கூடையுமாக நிற்கிற பெண், நேற்று வரை கொடுக்காத காசை அன்றைக்குக் கொடுப்பார், அதுவும் இடம் இருந்தால்.

தனியார் பஸ் தொழிலாளியின் நிலைமையையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பல கம்பெனிகளில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நிலையான மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது; அன்றன்றைய பேட்டாவும் கலெக்‌ஷனில் ஒரு பங்கும்தான். அதனால்தான் டைமிங் சண்டை, முந்திப்போகிற ஓட்டம். வேலைநிறுத்த நாளில் படியில் நாலு பேர் தொங்க, கண்டக்டர் டிக்கெட் கிழிக்க உள்ளே நுழையவே முடியாமல், டயர் நசுங்க ஓட்டியவர் அவர்தான். கலெக்‌ஷன் கூடியது, ஆனால் அந்தச் சுமையோடு ஏதாவது ஆகியிருந்தால் ஜெயிலுக்குப் போயிருக்கவேண்டியவரும் அவரேதான்.

ஆம்னி பஸ் கதை இன்னும் வேடிக்கை. அது ஒப்பந்த ஊர்தி. வழியில் கைகாட்டுகிறவரை ஏற்றி அடுத்த ஊரில் இறக்குகிற உரிமை அதற்குச் சட்டப்படி கிடையாது. அதன் கட்டணத்துக்கும் அரசு விலைப்பட்டியல் கிடையாது. பொங்கல், தீபாவளி வந்தால் வேலைநிறுத்தம் இல்லாத ஆண்டுகளிலேயே டிக்கெட் விலை எங்கே போகிறது என்று மதுரைக்கும் நெல்லைக்கும் ஊர் திரும்புகிற எவரையும் கேட்டால் சொல்வார். அந்த விலையையும் ஓரளவு இழுத்துப் பிடிப்பது பக்கத்திலேயே அரசு விடுகிற சிறப்புப் பேருந்துதான். 2018இல் பொங்கலுக்கு மூன்று நாள் முன்புவரை அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

சென்னையில் நிலைமை வேறு. அன்றைக்கு மாநகருக்குள் தனியார் வழித்தட பஸ்ஸே கிடையாது. மெட்ரோ ரயில் அப்போது சென்ட்ரலைக்கூட எட்டியிருக்கவில்லை. கோயம்பேடு வழியாக நேரு பூங்கா வரைதான். புறநகர் ரயிலில் மூச்சுவிட இடமில்லை. ஷேர் ஆட்டோக்காரர் கேட்டதுதான் கட்டணம். ரயில் பாதைக்கு அருகில் வீடு இருந்தவர் பிழைத்தார். மற்றவர் நடந்தார், அல்லது அன்றைய கூலியில் பெரும்பங்கை ஆட்டோவுக்குக் கொடுத்தார், அல்லது வேலைக்கே போகவில்லை.

அண்டை மாநில பஸ்கள் வந்தனவே என்று சிலர் சொல்வார்கள். கேரள, கர்நாடக அரசு பஸ்கள் எல்லையோர ஊர்களுக்கு வந்துபோனது உண்மை. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி எந்தத் தடம், எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர் என்று முன்பே கணக்குப் போட்டுத்தான் ஓடுகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வருகிற வண்டி நாகர்கோவிலோடு திரும்பிப் போகும். குலசேகரத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளிக்கு அதனால் என்ன?

ஆக, ஒரு வேலைநிறுத்தம் காட்டிக்கொடுப்பது அரசு பஸ் எவ்வளவு தேவையற்றது என்பதை அல்ல. வழக்கமாக ஒரு நாளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்குகிற ஒன்று நின்றுபோனால், சுற்றியிருக்கிற அத்தனையும் சேர்ந்தும் அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது என்பதைத்தான். இந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு, "அப்படியானால் இதை ஒழித்துவிடலாம்" என்று முடிவுகட்ட எப்படி மனம் வருகிறதோ!

மதுரைக்காரர்கள் உடனே அந்தக் காலத்துத் தனியார் டி.வி.எஸ். பஸ்ஸை இழுப்பார்கள். அந்த பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் நேரம் திருத்திக்கொண்ட காலம் உண்டு என்று எங்கள் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நிர்வாகம், சந்தேகமில்லை. ஆனால் 1972இல் பஸ் தொழில் அரசின் கைக்கு வந்து, பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் உருவான பிறகுதான் மண்ரோடு போட்ட குக்கிராமங்களுக்கெல்லாம் பஸ் போயிற்று. மெயின் ரோட்டில் நேரம் தவறாமல் ஓடுவது வேறு. ஊருக்கொரு பஸ் விடுவது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறக்கடிக்கக் கூடாது.

அடுத்தது, "வேலையில்லாப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டு" என்ற யோசனை. 2018இல் அதைச் செய்து பார்த்தார்கள். தினக்கூலிக்குத் தற்காலிக டிரைவர்களை அழைத்தார்கள். பல ஊர்களில் பஸ்கள் மோதின, உரசின என்று அன்றாடம் செய்தி வந்தது. வந்த பையன்களைக் குறைசொல்லிப் பயனில்லை. லைசென்ஸ் இருப்பதும் அறுபது பேர் நிற்கிற டவுன் பஸ்ஸை மார்க்கெட் தெருவுக்குள் ஓட்டுவதும் ஒன்றல்ல. வயதான வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும், ஒன்றில் கியர் இரண்டு தட்டுத் தட்டினால்தான் விழும். அதே வண்டியை நாளும் எடுக்கிறவருக்கு அது கையில் பழகிய விஷயம். எந்த ஸ்டேஜில் என்ன கட்டணம் என்று தெரியாமல் டிக்கெட் போடுகிற கண்டக்டரால் கழகத்துக்கு நஷ்டம், பயணிக்குத் தகராறு. பயணியின் பாதுகாப்புதான் பெரிது என்று வேலைநிறுத்தக்காரர்களைத் திட்டியவர்கள், பயிற்சி இல்லாத கையில் அதே பயணியை ஒப்படைத்தபோது வாயைத் திறக்கவில்லை.

இனி "திடீரென்று நிறுத்திவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு. இங்கே தேதிகள் பேசட்டும். போக்குவரத்துத் தொழிலாளர்களின் ஊதியம் ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு ஒப்பந்தம் முடிகிற தேதி, அது கையெழுத்தாகும் அன்றே எல்லோருக்கும் தெரியும். 13ஆவது ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கியிருக்கவேண்டும். 2018 ஜனவரியில்தான், அதுவும் ஒரு பகுதிச் சங்கங்களோடு மட்டும், கையெழுத்தானது. அதைத்தான் மற்ற சங்கங்கள் ஏற்காமல் வண்டியை நிறுத்தின. 14ஆவது ஒப்பந்தம் 2019 செப்டம்பரில் வந்திருக்கவேண்டும். 2022 ஆகஸ்டில் வந்தது. நடுவில் கொரோனா, சரி. 15ஆவது 2023 செப்டம்பரில் வந்திருக்கவேண்டும். 2025 மே மாதத்தில் வந்தது. அப்போது கொரோனா இல்லை. இரண்டு கட்சி ஆட்சிகளிலும் இதே கதை. ஒன்றரை ஆண்டு தாமதம் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அதன் கடைசி எட்டு நாள் மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. இந்த வேலைநிறுத்தங்களின்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி பொதுப் பயன்பாட்டுப் பணியில் இருப்பவர்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 14 நாள் காத்திருந்தாகவேண்டியிருந்தது. அதாவது அரசுக்கு அவகாசம் இருந்தது. தொழிலாளர் துறை பேச்சுவார்த்தைக்கு அழைக்கும். அமைச்சர் வரமாட்டார், நிதித்துறை வராது, தேநீர் வரும். இன்னொரு நாள் குறிப்பார்கள். நோட்டீஸ் கொடுத்த செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி. பஸ் நின்ற செய்தி முதல் பக்கத்தில் எட்டுக் காலம். இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது என்று கேட்கவேண்டிய பத்திரிகைகள் கேட்பதில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு.

2018இல் கேட்டது என்ன? அரசு ஊழியர்களுக்கு ஊதியத்தைத் திருத்தியபோது தமிழக அரசே பயன்படுத்திய பெருக்கல் காரணி 2.57. அதையே எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். அரசு 2.44க்கு மேல் முடியாது என்றது. காரணம், கழகங்கள் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகள், இவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. நல்லது. ஆனால் வேலைநிறுத்தம் என்றதும் அதே வாய் என்ன சொன்னது? அத்தியாவசியப் பணி, மக்கள் சேவை, நிறுத்த உரிமை இல்லை. சம்பளம் கேட்டால் கம்பெனி ஆள், வேலையை நிறுத்தினால் அரசாங்கத்து ஆள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். மக்கள் சேவைக்காகத்தான் நஷ்டத்தில் ஓடுகிறது என்றால் அந்த நஷ்டத்தை அரசு ஏற்கவேண்டும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஈடுகட்டக் கூடாது.

உண்மையில் சம்பளத்திலிருந்துதான் ஈடுகட்டினார்கள் என்பது சங்கங்களின் பெரிய குமுறல். வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை என்று சம்பளத்தில் பிடித்த பணத்தை உரிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டார்கள் என்றார்கள். ஓய்வுபெற்றவர்களுக்குப் பணிக்கொடை பாக்கி இருந்ததை அரசும் மறுக்கவில்லை. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து, முதுகுத்தண்டு தேய்ந்து, கடைசி நாள் மாலையோடு வீட்டுக்குப் போகிறவர், தன் பணத்துக்கே வருடக்கணக்கில் டிப்போவுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அலைந்தார். மகள் கல்யாணத்தை அந்தப் பணத்தை நம்பி நிச்சயித்தவர்களின் கதையை எந்தப் பணிமனை வாசலிலும் கேட்கலாம். 2024 ஜனவரியில் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது, ஓய்வூதியர்களுக்கு எட்டு ஆண்டுகளாக நிறுத்திவைத்திருந்த அகவிலைப்படி. வேலையில் இருக்கிறவர்கள், வேலையை விட்டுப் போனவர்களுக்காகத் தங்கள் சம்பளத்தை இழக்கத் தயாரானார்கள். இதைத்தான் கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று சொன்னோம்.

அந்த 2024 வேலைநிறுத்தத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆளுங்கட்சிச் சங்கம் பங்கேற்கவில்லை. பெரும்பாலான பஸ்கள் வழக்கம்போல் ஓடுகின்றன, பாதிப்பே இல்லை என்று அரசுத் தரப்பு புள்ளிவிவரம் தந்தது. அதே மூச்சில் பொங்கல் நேரத்தில் மக்கள் அவதி என்றும் சொன்னது. பஸ் ஓடியது என்றால் அவதி எங்கிருந்து வந்தது? கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 19ஆம் தேதி வரை போராட்டத்தை நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கிற்று.

"இவர்களுக்குக் கூட்டிக் கொடுத்ததால்தான் நம் தலையில் கட்டணம் ஏறிற்று" என்ற பேச்சு 2018இல் மிக வேகமாகப் பரவியது. வேலைநிறுத்தம் முடிந்து சில நாளில், ஜனவரி 20 முதல், கட்டணம் உயர்ந்தது. புறநகர் சாதாரண பஸ்களில் கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்தது 60 காசாகி, மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு சிறிது இறங்கியது. முன்னது நடந்து பின்னது நடந்ததால் முன்னதே காரணம் என்று நம்பிவிட்டோம். ஆனால் எட்டு நாள் நின்று தொழிலாளர்கள் வாங்கியது என்ன? அரசு முன்பே அறிவித்த அதே 2.44. மீதித் தகராறைப் பேச ஓய்வுபெற்ற நீதிபதி ஈ. பத்மநாபனை உயர் நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்தது, அதை ஏற்று வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு புள்ளிகூடக் கூட்டிக் கொடுக்காத வேலைநிறுத்தம் கட்டணத்தை எப்படி ஏற்றியிருக்கும்? 2011 நவம்பருக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டணத்தில் கைவைக்காமல், டீசல் விலை ஏறியபோதும் மானியமும் போதுமான அளவு கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரே அடியாக ஏற்றினார்கள். அந்தக் கோபம் தன்மேல் விழாமல் டிரைவர் மேல் விழுந்தது அரசுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

சங்கங்களுக்கு வக்காலத்து வாங்குவது என் வேலை அல்ல. 2018 ஜனவரி 4ஆம் தேதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில், வண்டியை அப்படியே டிப்போவுக்குத் திருப்பியது அநியாயம். 2023 மே 29ஆம் தேதி மாலை சென்னையில், ஒப்பந்த முறையில் டிரைவர்களை எடுப்பதை எதிர்த்து முன்னறிவிப்பில்லாமல் பஸ்களை நிறுத்தியதும் அப்படித்தான். கோரிக்கை நியாயமானது, ஆனால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட கர்ப்பிணிக்கும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிற நர்ஸுக்கும் அந்த நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை. கையில் டிக்கெட்டோடு இருப்பவரைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தவேண்டும். இதில் மழுப்ப எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஓடும் காலத்தில் நிறுத்தத்தில் நிற்காமல் போவது, சில்லறைக்குச் சீறுவது, இலவசப் பயணம் செய்கிற பெண்களை ஏளனமாகப் பேசுவது, இவையெல்லாம் வேலைநிறுத்த நாளில் வட்டியோடு திரும்பி வருகின்றன. பயணி தங்கள் பக்கம் நிற்கவில்லையே என்று வருந்துகிற சங்கத் தலைவர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் இதைப் பேசியிருக்கவேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தை மூலதனமாக்கி, "ஒரு தடவை அடித்து நொறுக்கினால் அப்புறம் வாலாட்டமாட்டார்கள்" என்று சொல்கிறவர்களுக்கு வேறொரு மாநிலத்தில் பதில் இருக்கிறது. 2019 அக்டோபர் 5ஆம் தேதி தெலங்கானாவில் ஏறத்தாழ 48,000 அரசு பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குறித்த நேரத்துக்குள் வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கொள்ளப்படும் என்றார் முதல்வர் சந்திரசேகர ராவ். தற்காலிக டிரைவர்கள், தனியார் பஸ்கள், தனியாருக்கு 5,100 தடங்கள் என்ற அமைச்சரவை முடிவு, இங்கே நம் விவாத மேடைகளில் கேட்கிற அத்தனையும் அங்கே நடந்தன. பள்ளிகளுக்கு தசரா விடுமுறையை நீட்டிக்கவேண்டி வந்தது. கம்மத்தில் ஒரு டிரைவர் தீக்குளித்து இறந்தார். 52ஆம் நாள் சங்கங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போராட்டத்தைக் கைவிட்டன. அரசு முழுதாக ஜெயித்தது. பயணிக்கு என்ன கிடைத்தது? டிசம்பர் தொடக்கத்திலேயே கிலோமீட்டருக்கு 20 காசு கட்டண உயர்வு. அதோடும் முடியவில்லை. கழகத்தை அரசோடு இணைக்கவேண்டும் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் முதல் கோரிக்கை. முடியவே முடியாது என்று சொன்ன அதே முதல்வரின் அரசு 2023 ஆகஸ்டில் ஊழியர்களை அரசுப் பணியில் சேர்க்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 52 நாள் மக்களை அலையவிட்டது எதற்காக?

தனியார்மயமானால் வேலைநிறுத்தமே இருக்காது என்பதற்கு மும்பையில் பதில் இருக்கிறது. அங்கே பெஸ்ட் நிறுவனம் தனியார் ஒப்பந்ததாரர்களின் பஸ்களை டிரைவரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறது. 2023 ஆகஸ்டில் அந்த டிரைவர்கள் குறைந்த சம்பளத்தை எதிர்த்து ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. தவித்த பயணிகளுக்காக எந்தத் தனியார் வந்தார்? மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். வண்டி ஒருவருடையது, தடம் இன்னொருவருடையது, டிரைவர் மூன்றாமவரின் ஆள் என்றாகும்போது, யாரிடம் போய்ப் பேசுவது என்பதே தகராறாகிவிடும். 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார பஸ்களும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான். டிரைவர் நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். வண்டி நன்றாக இருக்கிறது, தாழ்தளப் படியில் முதியவர்கள் ஏறுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த டிரைவருக்கு ஒரு நாள் சம்பளத் தகராறு வந்தால் அமைச்சர் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கடினமல்ல: "அது கம்பெனிக்கும் அவர்களுக்கும் உள்ள பிரச்சினை." அன்றைக்கும் நிறுத்தத்தில் நிற்பது நாம்தான்.

பஸ் நின்ற பிறகு யாரைத் திட்டினாலும் பஸ் வராது. அடுத்த ஊதிய ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்கவேண்டும், பேச்சு ஆரம்பித்தாயிற்றா, ஓய்வுபெற்றவர்களின் பாக்கி எவ்வளவு மிச்சம், பெண்களின் இலவசப் பயணத்துக்கான பணத்தை அரசு கழகங்களுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த செய்தி உள்பக்கத்தில் நாலு வரியில் வரும். அந்த வாரமே, பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்.